வன்முறையற்ற விசாரணை முறை

அடி, மிரட்டல், பொய் வாக்குறுதி எதுவுமின்றி, கேள்வியாலும் பொறுமையாகக் கேட்பதாலும் உண்மையைத் திரட்டும் புலனாய்வு முறை. குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவர், சாட்சி மூவருக்கும் இது பொருந்தும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்தது இதற்கு நேர்மாறு. சென்னை மாகாணத்தில் வரிவசூலும் காவலும் தாசில்தார் கையிலேயே இருந்தன. விரல்களைக் குச்சிகளுக்கிடையே நெரிக்கும் ‘கிட்டி’, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைக்கும் ‘அண்ணாந்தாள்’ ஆகியவை வரி வாங்கவும் வாக்குமூலம் பெறவும் பயன்பட்டன. காசுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னைவாசிகள் சங்கம் இதை எதிர்த்தது. விவகாரம் 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோரைக் கொண்ட ஆணையம் 1855இல் அளித்த அறிக்கை, சித்திரவதை நடந்ததை உறுதிசெய்தது. 1859இல் காவல்துறை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது.

1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் தரும் குற்ற ஒப்புதல் செல்லாது என்றது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புடைய பகுதியை மட்டும் 27ஆம் பிரிவு ஏற்றது. அடித்தாவது பொருளை மீட்கலாம் என்ற ஆசைக்கு இது இடம் வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் 23ஆம் பிரிவில் இரண்டையும் தொடர்கிறது. உண்மையை மருந்தால் வரவழைக்கும் முயற்சியும் நடந்தது: பெங்களூரு தடயவியல் ஆய்வகம் உண்மை கண்டறியும் மருந்துச் சோதனைக்குப் பெயர்பெற்றது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் (2010), இத்தகைய சோதனைகளைச் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாற்றுவழி இங்கிலாந்தில் உருவானது. பொய்யான ஒப்புதல்களால் நிரபராதிகள் சிறைபட்டது வெளிவந்தபின், 1992இல் ‘பீஸ்’ (PEACE) என்னும் விசாரணை முறை அறிமுகமானது. இதில் அதிகாரி ஆதாரங்களை முன்கூட்டியே படித்துத் திட்டமிடுகிறார்; எதிரிலிருப்பவரின் உரிமைகளை விளக்குகிறார்; “நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டு, குறுக்கிடாமல் கேட்கிறார். முரண்பாடுகளை ஆதாரத்தோடு வைத்து விளக்கம் கோருவது அதற்குப் பின்தான். இறுதியில் சொன்னதைத் தொகுத்துச் சரிபார்த்து முடித்து, தம் விசாரணையைத் தாமே மதிப்பிடுகிறார். நார்வே இதைப் பின்பற்றியது. 2021இல் மெண்டெஸ் கோட்பாடுகள் இத்தகைய விசாரணைக்கு உலகளாவிய நெறிகளை வகுத்தன.

இந்தியாவில், 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியுடன் பதிவுசெய்யும் கேமரா வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கேமரா அடியைப் பதிவுசெய்யும். கேட்கும் திறனைக் கற்றுத்தராது. அதைக் காவலர் பயிற்சிதான் தர வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.