ஏரியும் அறமும்

நீரைத் தேக்குவதைத் தமிழர் உழவுத்தொழிலின் ஒரு பகுதியாக மட்டும் கருதவில்லை, அறமாகவே போற்றினர். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சென்ற குடபுலவியனார், மறுமை இன்பமும் நிலைத்த புகழும் வேண்டுமாயின் பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்குமாறு அறிவுறுத்தினார். படையும் பொருளும் உடைய வேந்தனுக்கு அவை இரண்டும் இல்லாத புலவர் வழிகாட்டினார். அறத்தலைமை என்பது இதுவே.

இவ்வறம் தமிழகத்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை. இன்று பெங்களூரின் பகுதியாகிவிட்ட காடுகோடியை அடுத்த பட்டந்தூரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, தலைவர் ஒருவர் ஏரி வெட்டி, மதகு அமைத்து, துர்க்கை, கணபதி, க்ஷேத்திரபாலர் திருவுருவங்களையும் நிறுவிய செய்தியைக் கூறுகிறது. ஏரியைக் காப்பது ஒருவர் ஆயுளில் முடியும் பணியன்று. ஆதலின் மதகோடு தெய்வத்தையும் நிறுவினர் என்று நாம் கொள்ளலாம்.

அறத்தை அழிப்பவர் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் எனப் பழங்கல்வெட்டுகள் பலவும் எச்சரிக்கின்றன. அதனினும் உயர்ந்த கருத்து ஒன்றும் அவற்றில் உண்டு. பிற்காலத்தில் இவ்வறத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேலது எனக் கொடையாளர் பொறித்துவைத்தனர். இன்னும் பிறவாத ஒருவரை வணங்கிய பணிவு அது!

புவி வெப்பமாகிவரும் இந்நாளில் அப்பணிவு மீண்டும் வேண்டப்படுகிறது. வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால், காற்று தாங்கவல்ல நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுகிறது. அதனால் மழை பெய்யுங்கால் கொட்டித் தீர்க்கிறது. பொய்க்குங்கால் வறட்சி கடுமையாகிறது. பெங்களூர் 2022 செப்டம்பரில் வெள்ளத்தில் தத்தளித்தது. 2024 மார்ச்சில் குடிநீருக்கு ஏங்கியது. இவ்விரு துன்பத்தையும் தணிக்கவல்லது ஏரி. 2015ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பிரான்சிஸ் தம் சுற்றுமடலிலும், இஸ்லாமிய அறிஞர்கள் இஸ்தான்புல் அறிக்கையிலும் புவியைக் காத்தல் இறைநெறியின் கடமை என்றே உரைத்தனர். சமயம் வேறாயினும் குரல் ஒன்றே.

நாம் வாழும் ஹெப்பகோடியின் ஏரியும் கழிவுநீரால் நலிவுற்றிருந்தது. பயோகான் அறக்கட்டளையின் முயற்சியால், நீரில் மிதக்கும் தாவரப் படுகைகள் அமைத்து அது சீர்செய்யப்பட்டது. ஆயினும் சீர்செய்ததைக் காப்பது கரையில் வாழ்வோர் கடன். பிழைக்க வந்த ஊர்தானே என்று நாம் ஒதுங்கியிருத்தல் முறையன்று. இப்பகுதி தென்பெண்ணைப் படுகையைச் சார்ந்தது. அந்த ஆற்றையே ஓசூரும் கிருஷ்ணகிரியும் நம்பியுள்ளன. இங்கே நீரில் கலக்கும் நஞ்சு அங்கே நம் உறவினர் வயலைச் சென்றடையும். ஆண்டுதோறும் பிள்ளையாரைக் கரைக்கும் நாம், சாயம் பூசாத களிமண் உருவத்தையே நாடினால் அதுவும் வழிபாடே.

முன்னோர் நம் அடியைத் தம் தலைமேல் ஏற்றினர். அப்பெருமைக்கு உரியவராக நாம் நடந்துகொள்ளுதல் வேண்டும்.