அனுமதிச்சீட்டும் அனுமதிப்பத்திரமும்: நியூ ஓர்லியன்ஸ் தெருவில் ஒரு பிராஸ் பான்ட்

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் ஏப்ரல் கடைசியில் ஒரு குதிரைப் பந்தயத் திடல் பாட்டுத் திடலாகிவிடும். 'ஜாஸ் அண்ட் ஹெரிட்டேஜ்' விழா. பெயரில் ஜாஸ் இருந்தாலும், சனத்தை நாள் முழுக்க ஆட வைப்பதில் ஃபங்க்குக்கும் பிராஸ் பான்டுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. மேடையில் ஒரு குழு வாசிக்கும்போதே இன்னொரு குழு சனத்துக்கு நடுவால் ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் ஊதிக்கொண்டு நடந்து போகும். பின்னால் குடையும் லேஞ்சியும் சுழற்றிக்கொண்டு ஒரு கூட்டம். டிக்கெட் எடுத்த எவரும் சேர்ந்து ஆடலாம். இந்த வீடியோக்களை எங்களில் கனபேர் பார்த்திருப்போம். ஆனால் இதே இசையைத் திடலுக்கு வெளியே தெருவில் வாசித்ததற்காக இசைக்கலைஞர்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன கதை அவற்றில் இல்லை. அந்தக் கதையைத்தான் இங்கே கதைக்கப் போகிறோம்.

முதலில் தெருவுக்குப் போவோம். 1817 இல் நகர நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது: அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், குறித்த இடத்தில் மட்டும் கூடலாம். அந்த இடம்தான் கொங்கோ சதுக்கம். மேளம் அடித்து ஆடவும், சாமான் விற்கவும் அவர்களுக்குக் கிடைத்த வெளி அது. கறுப்பரின் இசைக்கு இடமும் நேரமும் குறித்துக் கொடுக்கிற பழக்கம் அந்த நகரத்தில் அவ்வளவு பழையது.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் கறுப்பருக்குக் காப்புறுதி கிடைப்பது பெரும்பாடு. அதனால் எங்கட ஊர்களின் மரண உதவிச் சங்கங்களைப் போல அவர்கள் தங்களுக்குள் சங்கங்கள் அமைத்தார்கள். 1884 இல் தொடங்கிய 'யங் மென் ஒலிம்பியன்' இன்றைக்கும் இருக்கிறது. மாதாமாதம் சந்தா கட்டினால் வருத்தத்துக்கு மருந்து, செத்தால் மரியாதையான அடக்கம். அந்த மரியாதையின் ஒரு பகுதிதான் பிராஸ் பான்ட். சேமக்காலைக்குப் போகும்போது மெதுவான துக்க இசை. உடலை வழியனுப்பிய பிறகு தாளம் மாறும், ஆட்டம் தொடங்கும். சங்கத்தாரும் பான்டும் முதல் வரிசை. பின்னால் சேர்ந்துகொள்கிற ஊர்ச்சனம் இரண்டாம் வரிசை. 'செக்கண்ட் லைன்' எண்ட பெயர் வந்தது இப்படித்தான். சாவீடு இல்லாத ஞாயிறுகளிலும் சங்கங்கள் இந்த ஊர்வலத்தை நடத்துகின்றன.

ஃபங்க்கும் இந்தத் தெருவில்தான் வேர் விட்டது. ஊர்வலத்தில் பெரிய மேளத்தை ஒருவர் அடிப்பார், சின்ன மேளத்தை இன்னொருவர். 1965 இல் உருவான 'த மீட்டர்ஸ்' குழுவின் ட்ரம்மர் ஸிகபூ மொடலிஸ்ட் அந்த இரண்டுபேரின் வேலையையும் ஒரே ட்ரம்ஸ் செட்டுக்குள் கொண்டுவந்தார். பிறகு ஃபங்க் தெருவுக்கே திரும்பி வந்தது. 1977 இல் தொடங்கிய 'டேர்ட்டி டஸன் பிராஸ் பான்ட்', பேஸ் கிட்டார் செய்கிற வேலையை உடம்பில் சுற்றிப் போடுகிற பெரிய குழலான சூசஃபோனிடம் கொடுத்தது. 1983 இல் ட்ரெமே பகுதிப் பள்ளிக்கூடப் பொடியள் சேர்ந்து 'ரீபேர்த்' பான்டைத் தொடங்கினார்கள். 2012 இல் அவர்களுக்குக் கிராமி விருது கிடைத்தது. இந்த மறுமலர்ச்சிக்குப் பின்னால் டானி பார்க்கர் எண்ட மூத்த கலைஞர் இருக்கிறார். பிராஸ் பான்ட் மரபு மங்கிக்கொண்டிருந்த 1970 அளவில் ஒரு தேவாலயத்தில் சிறுவர் பான்ட் அமைத்தவர் அவர்.

விழாவும் அதே 1970 இல்தான் தொடங்கியது. 1962 இலேயே இப்படி ஒரு விழா நடத்தச் சொல்லி ஜோர்ஜ் வெய்னிடம் நகரத்தார் கேட்டிருந்தார்கள். நிறப்பிரிவினைச் சட்டங்களால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. கடைசியில் முதல் விழா நடந்த இடம் கொங்கோ சதுக்கம். அப்போது அதற்கு அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட ஜெனரல் பியூரிகார்டின் பெயர். அந்த ஊரிலேயே பிறந்த மஹாலியா ஜாக்சன், யுரேக்கா பிராஸ் பான்டோடு சேர்ந்து அங்கே பாடினார். பார்க்க வந்தவர்கள் சில நூறு பேர்தான். 1972 இல் விழா பந்தயத் திடலுக்கு மாறி, பிறகு மிகப் பெரிதாக வளர்ந்தது.

விழா வளர, தெரு சுருங்கியது எண்டதுதான் முரண். 1966 இல் கிளேபோர்ன் வீதியில் கறுப்பர் கூடி மகிழ்ந்த மரநிழலை வெட்டி, மேலே நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். பான்ட்கள் இன்றைக்கும் அந்தப் பாலத்துக்குக் கீழே வாசிக்கின்றன, கொங்கிறீற்றில் எதிரொலி பிரமாதமாக வரும். 2005 இல் கத்ரீனா சூறாவளி நகரத்தின் சுமார் 80 வீதத்தை மூழ்கடித்தது. திரும்பி வர வசதியில்லாத சனம் கனபேர். அடுத்த வருசம் ஓர் ஊர்வலத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச்சூட்டைக் காரணம் காட்டி, ஊர்வல அனுமதிக்கான பொலிஸ் கட்டணத்தை 4,000 டொலருக்கும் மேலாக உயர்த்தினார்கள். சங்கங்கள் வழக்குப் போட்டன. 2007 இல் கட்டணம் குறைந்தது.

அதே 2007 செப்டெம்பரில் கெர்வின் ஜேம்ஸ் எண்ட டியூபா கலைஞர் இறந்தார். ட்ரெமே தெருவில் அவருக்காக நண்பர்கள் ஒரு பக்திப்பாடலை வாசித்துக்கொண்டு நடந்தார்கள். அனுமதிப்பத்திரம் இல்லை எண்டு பொலிஸ் புகுந்தது. ட்ரம்மர் டெரிக் டாப் உட்பட இரண்டு கலைஞர்களைக் கைது செய்தது. விழா மேடைகளுக்கு அழைக்கப்படுகிற, நகரம் தன் சுற்றுலா விளம்பரத்தில் காட்டுகிற அதே இசைதான் அது.

டாப் சும்மா இருக்கவில்லை. 2008 இல் 'ரூட்ஸ் ஒஃப் மியூசிக்' எண்ட அமைப்பை உருவாக்கி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளுக்கு வாத்தியம் பழக்கத் தொடங்கினார். பார்க்கர் செய்த வேலையின் தொடர்ச்சிதான் இது.

எங்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. ஒரு கலையை 'எங்கட பாரம்பரியம்' எண்டு மேடையேற்றிக் கைதட்டுவது லேசு. அதை வைத்திருக்கிற சனம் தங்கட தெருவில், தங்கட சாவீட்டில், அனுமதி கேட்காமல் வாசிக்க முடிகிறதா எண்டு கேட்பதுதான் கஷ்டம். 2013 இலிருந்து விழாவின் கடைசி நிகழ்ச்சியை நடத்திவருகிற 'ட்ரொம்போன் ஷோர்ட்டி'யும் ட்ரெமே தெருவில் சின்ன வயதிலேயே ஊதப் பழகியவர்தான். அந்தத் தெருவை அடைத்துவிட்டால் திடல் மேடைக்கு அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்?