இறைப்பெயரும் தாய்மொழியாளரும்: பாராடாங் தீவை முன்வைத்து

1. முன்னுரை

ஒரு சமயத்தின் செய்தியைப் பிற சமயத்தாரிடம் கொண்டுசெல்வோர் முதலில் எதிர்கொள்வது மொழிபெயர்ப்புச் சிக்கலேயாகும். அதிலும் இறைவனைக் குறிக்க எச்சொல்லை ஆள்வது என்பது தலையாய சிக்கல். மொழிபெயர்ப்பாளர் காணும் தீர்வு பொருந்துமா என்பதை இறுதியில் முடிவுசெய்வோர் அம்மொழியைப் பேசுவோரே. அவர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லாதபோது நேர்வதென்ன என்பதை, தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் அமைந்த பாராடாங் தீவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டிற்குத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாறு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. தமிழில் இறைப்பெயர்

1578இல் கொல்லத்தில் அச்சான நூலுக்கு என்றீக்கே என்றீக்கசு அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ எனப் பெயரிட்டார். பின்னர் சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்ற சொல்லை ஆண்டார். பப்ரிசியசு ‘பராபரன்’ என்றார். 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ நிலைபெற்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ ‘கடவுள்’ என்ற சொல்லை ஏற்றது.

இம்மாற்றங்கள் மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தால் மட்டும் நேர்ந்தவை அல்ல. பெர்சிவல் பாதிரியார் தலைமையில் யாழ்ப்பாணத்தில் உருவாகி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் பங்குகொண்டார். அம்மொழிபெயர்ப்பைத் தமிழகக் கிறித்தவர் பலர் ஏற்க மறுத்தனர். லூத்தரன் சபையார் பப்ரிசியசின் பெயர்ப்பையே நெடுங்காலம் போற்றிவந்தனர். ஏற்பும் மறுப்பும் தமிழ் பேசுவோரிடமே இருந்தன. நானூறு ஆண்டுக்கால விவாதத்தில் ஒரு சொல் பலமுறை மாற்றப்பட்டது என்பது தமிழுக்குக் குறையன்று. அம்மொழியினர் விவாதிக்க உயிரோடும் உரிமையோடும் இருந்தமைக்குச் சான்றாகும்.

3. அந்தமானில் ஒரு செபம்

பாராடாங்கிலும் அதனையொட்டிய பகுதியிலும் பேசப்பட்ட மொழி பூச்சிக்வார். அது பெரிய அந்தமானிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. தெற்கே வழங்கிய ஆகா-பேயா மொழிக்கு உறவுடையது. 1863இல் போர்ட் பிளேரின் குருவாக இருந்த ஹென்றி கார்பின் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தினார். அங்குப் பழங்குடியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. ஒருவர் மொழியை மற்றவர் கற்றல் என்னும் பரிமாற்றம் தொடக்கத்திலேயே ஒருபுறம் சாய்ந்துவிட்டது எனலாம்.

1877இல் அரசு அலுவலர் இ. எச். மேன், இயேசு கற்பித்த செபத்தைத் தென் அந்தமான் மொழியில் பெயர்த்தார். ஆர். சி. டெம்பிள் எழுதிய முன்னுரையுடனும் குறிப்புகளுடனும் அது கல்கத்தாவில் அச்சாயிற்று. இச்செபத்தைப் பன்மொழி மாதிரியாகத் திரட்டும் வழக்கம் ஐரோப்பிய மொழியியலில் முன்பே இருந்தது; அதெலுங்கின் ‘மித்ரிதாதெஸ்’ (1806–1817) இதற்குச் சான்று. எனவே மேனின் பெயர்ப்பை வழிபாட்டு நூல் என்பதைவிட மொழி மாதிரி என்பதே பொருந்தும்.

எனினும் மொழிபெயர்ப்புச் சிக்கல்கள் மெய்யானவை. பெரிய அந்தமானிய மொழிகளில் உறவுப்பெயர்களும் உறுப்புப்பெயர்களும் தனித்து நில்லா. யாருடையது என்பதைச் சுட்டும் முன்னொட்டு அவற்றுக்கு வேண்டும். ‘தந்தை’ என்று பொதுவாகக் கூற இயலாது. மேலும் பயிரிடாத, வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்களிடம் ‘அன்றாட அப்பம்’ எதைக் குறிக்கும்?

இவ்வினாக்களுக்கு விடை கூறவேண்டியவர்களை அதே 1877இல் தட்டம்மை தாக்கிப் பெருமளவில் அழித்தது. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் அனைவரும் சேர்ந்து 625 பேர்; 1961இல் 19 பேர்.

4. புலுகா பற்றிய விவாதம்

‘புலுகா’ என்னும் ஆகா-பேயாச் சொல்லை மேன் விளக்கிய முறை குறிப்பிடத்தக்கது. புலுகா அழிவற்றவன், அனைத்தையும் படைத்தவன், மனிதர் எண்ணங்களை அறிபவன் என அவர் எழுதினார். ஆண்ட்ரூ லாங்கும், கத்தோலிக்கக் குருவும் மொழியியலாளருமான வில்கெல்ம் சுமித்தும் இதனை ஆதி ஒருகடவுட் கொள்கைக்குச் சான்றாகக் கொண்டனர். 1906–08இல் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரௌன் இதனை மறுத்தார். இதே பெயர் பூச்சிக்வாரில் ‘பிலிக்’ எனவும் வடபகுதி மொழிகளில் ‘பிலிகு’ எனவும் வழங்குவதையும், வடக்கே அது பெரும்பாலும் பெண்பாலாகக் கருதப்படுவதையும், வடகிழக்குப் பருவக்காற்றோடு தொடர்புடையதையும் அவர் காட்டினார்.

இவ்விவாதம் ஐரோப்பிய இதழ்களில் நிகழ்ந்தது. பூச்சிக்வார் பேசியோர் எவரும் அதில் மறுமொழி எழுதவில்லை. தமிழில் நாவலர் நின்ற இடம் இங்கு வெற்றிடமாகவே இருந்தது.

5. ராஞ்சி மக்கள்

இன்றைய பாராடாங்கில் ‘ராஞ்சிக்காரர்’ எனப்படுவோரின் குடியிருப்புகள் உள்ளன. 1918 முதல் ராஞ்சியின் கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பின் வழியாக வனத்துறைப் பணிக்குச் சோட்டாநாக்பூரிலிருந்து அழைத்துவரப்பட்ட ஓராவோன், முண்டா, காரியா மக்களின் வழித்தோன்றல்கள் இவர்களுள் பலர். ஓராவோன்களின் குரூக் மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழியாகும். அதற்கு இயேசு சபைக் குரு கிரிஞார்டு 1924இல் அகராதியும் இலக்கணமும் வெளியிட்டார்.

குரூக்கில் இறைவனைக் குறிக்கும் ‘தர்மேஸ்’ என்ற பழஞ்சொல்லைக் கிறித்தவ ஓராவோன்களும் ஆள்கின்றனர். தம் முன்னோர் வழிபட்ட பெயரைப் புதிய சமயத்திலும் அவர்கள் விட்டுவிடவில்லை. தீவுகளில் இம்மூவகையினர்க்கும் பொதுமொழியாகச் சாத்ரி வழங்குகிறது. கூலிகளாக வந்தவர்களாயினும், செபத்தைத் தம் நாவால் சொல்லவும் மாற்றவும் இவர்கள் எஞ்சியிருந்தனர்.

6. முடிவுரை

மேன், டெம்பிள் ஆகியோரின் உழைப்பால்தான் ஆகா-பேயா பற்றி நாம் பலவற்றை அறிகிறோம். அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அவர்களின் பெயர்ப்பு திருத்தப்படாத பெயர்ப்பு. இனித் திருத்தவும் இயலாத பெயர்ப்பு. சமயங்களுக்கிடையிலான புரிந்துணர்வை, வழங்கிய சொல்லைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. மறுத்துரைக்கும் நிலையில் கேட்போர் இருந்தனரா என்பதையும் காணவேண்டும்.

பாராடாங்கின் நீரிணைக்கு அப்பால் ஜாரவா மக்களின் காப்புக்காடு உள்ளது. 2018 நவம்பரில் வடக்கு செண்டினல் தீவுக்குச் சமயச் செய்தியோடு சென்ற அமெரிக்க இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அம்மக்களின் மொழியை வெளியார் எவரும் அறியார். 1877இன் தட்டம்மையை நினைவில் கொள்வோர்க்கு, அவர்கள் அம்பால் கூறியதும் ஒரு மறுமொழியே என்பது விளங்கும். அதனை மதித்து விலகி நிற்பதே அவர்கள் திறத்து இன்று நாம் செய்யத்தக்க பணியாகும்.