சத்திரமும் முன்னணையும்: கிறிஸ்து ஜனனப் பிரசங்க ஆயத்தம் பற்றி ஓர் ஆய்வு

கி.பி. 386-ஆம் ஆண்டைச் சேர்ந்ததென்று பொதுவாகக் கணிக்கப்படும் ஒரு டிசம்பர் 25-ஆம் நாளில், சிரியா தேசத்து அந்தியோகியா நகரில், பின்னாளில் கிறிசோஸ்தம் என்று பெயர்பெற்ற யோவான் பிரசங்க பீடத்தில் ஏறி நின்றபோது, கிறிஸ்து ஜனனப் பண்டிகை அந்நகரத்தாருக்கு அறிமுகமாகிப் பத்து ஆண்டுகளும் நிறைந்திருக்கவில்லையாதலால், அந்நாளைக் கொண்டாடுதற்கான நியாயங்களை அடுக்கிக் காட்டும் கடமை அவருக்கு இருந்தது. இன்றைய போதகரின் சங்கடமோ வேறு. அவருடைய சபையார் பிறந்தது முதல் அந்தச் சரித்திரத்தைக் கேட்டு வந்தவர்கள். அவர் வாய் திறக்குமுன்னரே முடிவு இன்னதென அறிந்தவர்கள்.

இந்நிலையில் பத்திரிகைச் செய்திகளையும் புதுமையான உதாரணங்களையும் தேடி அலைவது பலருடைய வழக்கம். அவ்வுழைப்பு மூல வாசகத்தின் மீது செலுத்தப்படுமாயின் பலன் பன்மடங்காகும் என்பது என் துணிபு. அதற்கு லூக்கா சுவிசேஷம் 2-ஆம் அதிகாரத்து 7-ஆம் வசனமொன்றே போதிய சான்றாகும்.

1871-ஆம் ஆண்டின் தமிழ் வேதாகமம் அவ்வசனத்தில் ‘சத்திரம்’ என்ற சொல்லை ஆள்கிறது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டே, கதவை அடைத்துக் கர்ப்பிணியைத் துரத்திய கடின இருதயமுள்ள சத்திரக்காரன் ஒருவனை நம் பிரசங்கங்களும் ஞாயிறு பள்ளி நாடகங்களும் படைத்துக்கொண்டன. லூக்காவின் வாசகத்தில் அப்படியொருவன் இல்லவே இல்லை. அங்குள்ள கிரேக்கச் சொல் ‘கத்தாலுமா’. பயணியர் தங்குமிடம் என்ற பொதுப் பொருளும் அதற்கு உண்டாகையால், தமிழ் மொழிபெயர்ப்பைப் பிழையென்று தள்ளிவிட இயலாது. எனினும், நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த, கூலி வாங்கும் சத்திரத்தைக் குறிக்க வேண்டியபோது லூக்கா ‘பாண்டொக்கெயொன்’ என்ற வேறு சொல்லையே எடுக்கிறார். ‘கத்தாலுமா’வோ அவருடைய சுவிசேஷத்தில் மீண்டும் வருமிடம், இயேசு தம் சீஷரோடு கடைசிப் பஸ்காவைப் புசிக்கக் கேட்ட விருந்தினர் அறையாகும். தமிழில் அவ்விடம் வேறு சொல்லால் பெயர்க்கப்பட்டிருப்பதால், பிறப்பின் இரவையும் இறுதிப் போஜனத்தின் இரவையும் இணைக்கும் அந்த நுண்ணிய இழை நம் செவிக்கு எட்டாமற் போயிற்று. போதகர் ஒருவர் பிரசங்கம் முழுவதையும் இந்த ஓர் இழையின் மீதே கட்டலாம்.

மேலும், யோசேப்பும் மரியாளும் பெத்லகேமில் தங்கியிருந்த காலத்தில் பிரசவ நாள் வந்ததென்றே லூக்கா கூறுகிறார். வந்து சேர்ந்த அன்றிரவே என்று கூறவில்லை. அவ்வூர் யோசேப்பின் முன்னோர் ஊர். பாலஸ்தீனத்துக் குடியானவர் வீடுகளில் மனிதரும் கால்நடைகளும் இரவில் ஒரே கூரையின் கீழ் உறங்க, தீவனத் தொட்டி வீட்டினுள்ளேயே அமைந்திருப்பதுண்டு. ஆகவே, விருந்தினர் அறை நிரம்பிவிட்ட ஓர் உறவினர் வீட்டின் உட்பகுதியில் குழந்தை பிறந்து, அருகிலிருந்த முன்னணையில் கிடத்தப்பட்டதென்று கொள்வது வாசகத்துக்கு மிக இசைவானது.

இவ்விளக்கம் திருநெல்வேலிச் சீமைக் கிராமமொன்றின் சபைக்கு எத்துணை அணுக்கமானது! பண்டிகைக்கு முந்திய இரவு, சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்த பிள்ளைகளும் பேரர்களும் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருக்க, மாசமாயிருக்கும் மகளுக்கு மட்டும் உள்ளே ஒரு மூலை ஒழித்துக் கொடுக்கப்படுகிறது. அவ்வீட்டார் விடியுமுன் எழுந்து ஆலயத்துக்கு வந்தால், கதவடைத்த ஊரைப் பற்றிய கண்டனமே அவர்களுக்குக் கிடைக்கிறது. தங்கள் வீட்டைப் போன்றதொரு நெருக்கடியான வீட்டில், உறவினர் நடுவே, தேவகுமாரன் மாம்சத்தில் வந்தார் என்ற மகா செய்தி கிடைப்பதில்லை. மனுஷாவதாரம் என்ற தத்துவத்தை அவ்வீட்டுத் தாய்மார் இதைவிடத் தெளிவாக உணர வேறு வழி நான் அறியேன்.

ஆயினும் இதை வெறும் குடும்ப இன்பக் காட்சியாக்கிவிடலாகாது. அகுஸ்து ராயனின் குடிமதிப்புக் கட்டளையே ஓர் ஏழைத் தச்சனையும் கர்ப்பவதியையும் நாசரேத்திலிருந்து ஏறக்குறைய 70 மைல் தெற்கே நகர்த்தியது என்பதை லூக்கா முதலிலேயே எழுதிவைத்தார். அரசாங்க ஆணைக்கும் பிழைப்புக்குமாக ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவர்கள் அந்தச் சபையில் இன்றும் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆதலால், பிரசங்கம் எழுத உட்காரும் போதகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: இவ்வாண்டு எழுதுகோலைத் தொடுமுன், அந்த அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை மும்முறை வாய்விட்டு வாசியுங்கள், சென்ற ஆண்டுப் பிரசங்கத்தை அருகில் வைத்து, லூக்கா எழுதாத சத்திரக்காரனை அதிலிருந்து அடித்துவிடுங்கள்.