பிள்ளையின் வன்முறையும் பெற்றோர் மீதான பழியும்: கொல்கத்தா, 1908 – 1974

பிள்ளை கொலைக்கருவியை ஏந்தும்போது, 'பெற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?' என்ற கேள்வி உடனே எழுகிறது. காலங்கடந்த அறக்கேள்விபோல் அது தோன்றினாலும், யார் யாரைப் பார்த்து எப்போது கேட்கிறார்கள் என்பதை வரலாறே முடிவுசெய்கிறது. கொல்கத்தா நகரம் இதற்கு நல்ல சான்று.

1908இல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அப்ரூவராக மாறிய நரேந்திரநாத் கோஸ்வாமியை, சிறைக்குள்ளேயே கனாய்லால் தத்தாவும் சத்யேந்திரநாத் போஸும் சுட்டுக் கொன்றனர். நவம்பர் 10 அன்று கனாய்லால் தூக்கிலிடப்பட்டார். குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்ட உடலைப் பெருங்கூட்டம் காளிகாட் சுடுகாட்டுக்குக் கொண்டு சென்றது. அதைக் கண்டு அஞ்சிய அரசு, அதே மாதம் தூக்கிலிடப்பட்ட சத்யேந்திரநாத்தின் உடலைச் சிறைக்குள்ளேயே எரியூட்டச் செய்தது. நடந்தது கொலைதான். ஆயினும் ஊர் அதைத் தியாகம் என்று அழைத்தது. எனவே அக்குடும்பத்தின் துயரத்துக்குப் பங்காளிகள் இருந்தனர்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் நிலை வேறு. 1969இல் தோன்றிய இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மார்க்சிய-லெனினிய) முன்வைத்த 'அழித்தொழிப்பு' வழி, கிராமங்களிலிருந்து கொல்கத்தாவின் தெருக்களுக்கு வந்தது. கல்லூரி மாணவர்களும் அகதிக் குடியிருப்பு இளைஞர்களும் அதில் சேர்ந்தனர். வித்யாசாகரின் சிலை தலை துண்டிக்கப்பட்டது, காவலர்கள் கொல்லப்பட்டனர். 1970 டிசம்பர் 30 அன்று ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கோபால் சந்திர சென், ஓய்வுபெறுவதற்கு முந்தைய நாளில், வளாகத்திலேயே கொல்லப்பட்டார். நகரத்தின் அச்சமும் சினமும் பொய்யல்ல. அரசின் எதிர்வினையோ சட்டத்தோடு நிற்கவில்லை. 1971 ஆகஸ்டில் காசிப்பூர்–பராநகர் பகுதியில் இளைஞர்கள் தேடித்தேடிக் கொல்லப்பட்டனர். விசாரணையோ தீர்ப்போ அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் பெற்றோர் நின்றனர். செல்வாக்குள்ளவர்கள் பிள்ளைகளை வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பிக் காப்பாற்ற முடிந்தது. குடியிருப்புகளின் பெற்றோருக்கு அவ்வழி இல்லை. பிள்ளையை இழந்தபின் அவர்களுக்கு எஞ்சியவை அண்டை வீட்டாரின் மௌனமும் காவல்துறையின் சந்தேகமுமே.

1974இல் நூலாக வந்த மகாசுவேதா தேவியின் '1084-இன் அம்மா' இந்த இடத்தைத்தான் பேசுகிறது. காண்டாபுகுர் பிணவறையில் மகனை அடையாளம் காட்டச் செல்பவள் தாய் சுஜாதா. தந்தையோ தம் கார் அவ்விடத்தில் நிற்பதைக்கூட விரும்பாமல், மகனின் பெயர் நாளிதழில் வராதிருக்க ஓடுகிறார். தலைப்பின் வேற்றுமை உருபு கவனத்துக்குரியது. தமிழிலும் வங்காளியிலும் 'இன்னாரின் அம்மா' என்பது ஒரு பெண்ணை ஊர் மதித்து அழைக்கும் முறை. பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் சவத்தின் எண் வந்தபோது, தாயும் தன் முகவரியை இழக்கிறாள். மகாசுவேதாவின் மகன் நபாருண் பட்டாச்சார்யா அக்காலத்தில் எழுதிய புகழ்பெற்ற கவிதையும், பிள்ளையின் உடலை அடையாளம் காட்ட அஞ்சும் தந்தையின் மீதான வெறுப்பிலேயே தொடங்குகிறது. தாய் எழுதியது பெற்றோர் மீதான பரிவு. மகன் எழுதியது பெற்றோர் மீதான குற்றச்சாட்டு. இரண்டும் ஒரே பிணவறை வாசலிலிருந்து எழுந்தவை.

சுஜாதாவின் மீதான பரிவு கொல்லப்பட்ட காவலரின் தாயை மறக்கச் செய்யுமானால் அது அரைகுறைப் பரிவு. அந்தத் தாய்க்கு அந்நாவலில் இடமில்லை. கொல்கத்தாவின் இலக்கிய நினைவிலும் அவளுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அதே வேளையில், அவளுக்கு நீதி வழங்குவதற்காகச் சுஜாதாவைத் தண்டிக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் புறநானூற்றின் 312ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. பொன்முடியார் பாடிய அது போரைப் போற்றும் பாடல்தான். ஆனால் ஓர் இளைஞன் களத்துக்குச் செல்வதில் யார் யாருக்கு என்ன கடன் என்று அது பகுத்துக் காட்டுகிறது: தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. இளைஞனின் கடனே இறுதியில் வருகிறது. 1970களின் கொல்கத்தாவில் இக்கணக்கு குலைந்தது. அழித்தொழிப்பை அறமாகக் கற்பித்த தலைமையும், விசாரணையின்றிக் கொன்ற அரசும் தம் பங்கைச் சொல்லாமல் நகர்ந்துகொண்டன. முழுக் கடனும் தாய் தந்தையர் பெயரில் எழுதப்பட்டது. அவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று வாதிட வேண்டியதில்லை. மற்றவர்களின் பங்கையும் சேர்த்து அவர்கள் சுமக்கிறார்களா என்று கேட்டால் போதும். இன்று வன்முறையில் ஈடுபட்ட ஓர் இளைஞனின் வீட்டு வாசலில் ஒலிவாங்கியை நீட்டும்போதும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.