எதிராளி இறக்காத சீட்டு: திருகோணமலை, ஏப்ரல் 1942

பிரிட்ஜ் ஆட்டத்தில் கேள்வியை வென்று ஆட்டத்தை நடத்துபவரை டிக்ளேரர் என்பர். 52 சீட்டுகளில் 26 அவர் கண்ணுக்குத் தெரியும். தம் கையில் 13, மேசையில் விரிக்கப்பட்ட கூட்டாளியின் கையில் 13. மீதி 26 சீட்டுகள் எதிராளிகள் இருவரிடமும் எவ்வாறு பிரிந்து கிடக்கின்றன என்பதே கடைசிப் பிடிவரை அவரை வாட்டும் வினா. அதற்கு விடை தருவது பெரும்பாலும் எதிராளி வெல்லும் சீட்டன்று. கேட்ட இனம் கையில் இல்லாதபோது, வேண்டாமென்று அவர் கழிக்கும் சீட்டுத்தான். ஸ்கோப்பனில் மூன்றாம் சுற்றிலேயே ஒருவர் வேறினத்தைக் கழித்தால், அவரிடம் ஸ்கோப்பன் இரண்டே இருந்தன என்பது உறுதி. மற்றவரிடம் எத்தனை என்பது வெறும் கழித்தற் கணக்கு. அடுத்தடுத்துக் கலாவரையையே கழிப்பவர் வேறேதோ இனத்தைக் காத்து நிற்கிறார் என்றும் ஊகிக்கலாம்.

ஈழத்தில் நாம் ஆடும் 304 இந்த வகையில் இன்னும் சுவையானது. ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2 என ஓரினத்துக்கு 76. நான்கினத்துக்கும் சேர்த்து 304. துரும்பு கவிழ்ந்து கிடக்கும்வரை, கேட்ட இனம் இல்லாதவர் தம் சீட்டையும் கவிழ்த்தே போடவேண்டும். அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை துரும்பு சொன்னவருக்கு மட்டுமே உண்டு. துரும்பில்லையெனில் அவர் கண்டதை மற்றவர் காணார். (ஸ்கோப்பன், கலாவரை என்ற சொற்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. அவர்களுடைய கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பில் ஜாக்குக்கும் ஒன்பதுக்குமே முதலிடம். கோட்டையை 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். சீட்டுப்பெயர்கள் நம்மிடம் தங்கிவிட்டன.)

கழித்த சீட்டைப் படிப்பது எளிது. இறக்காத சீட்டைப் படிப்பதுதான் கடினம். ஆசை வைத்துக்கொண்டே இரண்டு சுற்றுப் பேசாமல் விட்டுக்கொடுக்கும் எதிராளி உண்டு. வரவில்லை, ஆகவே அவரிடம் இல்லை என்று முடிவுகட்டுபவர் மூன்றாம் சுற்றில் விலை கொடுப்பார். திருகோணமலைத் துறைமுகத்தின் 1942 ஏப்ரல் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே நினைவுக்கு வருகிறது.

அவ்வாண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியருக்கு எஞ்சிய பெருந்தளங்களுள் முதன்மையானது திருகோணமலை. கீழைக் கடற்படையின் தளபதி அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில். ஏப்ரல் முதலாந் திகதியளவில் ஜப்பானியர் இலங்கையைத் தாக்குவர் என்று மறைகுறிச் செய்திகளை உடைத்தவர்கள் அறிவித்தனர். சோமர்வில் தம் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே திரட்டிக் காத்திருந்தார். முதலாந் திகதி கழிந்தது. இரண்டாந் திகதியும் கழிந்தது. எவரும் வரவில்லை. உளவுச் செய்தி பிழை, அல்லது தாக்குதல் கைவிடப்பட்டது என்று அவர் கருதினார். பழைய போர்க்கப்பல்களில் நன்னீரும் குறைந்திருந்தது. மாலைதீவின் அட்டு பவளத்தீவிலிருந்த இரகசியத் தளத்துக்குத் திரும்பினார்.

அந்தத் திரும்புதலை நான் குறைகூற மாட்டேன். தண்ணீரின்றிக் கப்பற்படை நிற்க முடியாது. உடன் செய்த பிரிவினையே பிழை. டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்னும் குரூசர்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டன. விமானந்தாங்கியான ஹேர்மீஸ் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டது. எதிராளியின் கை வெறுமை என்று நம்பியவர் மட்டுமே இப்படிச் சீட்டுகளைப் பிரிப்பார்.

நகுமோவின் படை மார்ச் 26இலேயே செலிபீசை விட்டுப் புறப்பட்டிருந்தது. திகதி மட்டுமே தள்ளிப்போயிருந்தது. ஏப்ரல் 4ஆந் திகதி கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா விமானத்திலிருந்து அதைக் கண்டு செய்தியனுப்பினார்; விமானம் வீழ்த்தப்பட்டு அவர் சிறைப்பட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. அன்று பிற்பகலே இரு குரூசர்களும் மூழ்கின. 424 பேர் மாண்டனர்.

8ஆந் திகதி ஜப்பானியர் மீண்டும் கண்ணிற் பட்டபோது, துறைமுகத்தைக் காலிசெய்யுமாறு ஆணை பிறந்தது. இரவோடிரவாக ஹேர்மீசும் வெளியேறியது. 9ஆந் திகதி காலை வந்த விமானங்கள் திருகோணமலையின் கப்பற்பட்டறையையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. துறைமுகத்தில் சகாயிங் என்னும் வணிகக் கப்பல் எரிந்தது. பெருங்கடற்படையோ அங்கில்லை. நகுமோவும் வெறுங்கையைத்தான் புரட்டிப் பார்த்தார்.

ஆயினும் ஹேர்மீஸ் தப்பவில்லை. அதன் விமானங்கள் சீனன்குடாவில் தரையில் இருந்தன. கரையின் பாதுகாப்பை நாடித் திரும்புமாறு கப்பல் பணிக்கப்பட்டிருந்தது. ஜப்பானிய உளவு விமானமொன்று அதைக் கண்டது. முற்பகல் பதினொரு மணிக்குச் சற்று முன் மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கியது. 307 பேர் இறந்தனர். துணைநின்ற அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. உயிர்தப்பியோரிற் பெரும்பாலோரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிச் சென்றது.

அட்டுத் தளம் என்னும் சீட்டைச் சோமர்வில் கடைசிவரை கவிழ்த்தே வைத்திருந்தார். நகுமோ அதை அறியாமலே கிழக்கே திரும்பினார். இரண்டு மாதங்களில் மிட்வேயில் தம் விமானந்தாங்கிகள் நான்கையும் இழந்தார். சோமர்வில் தம் படையின் ஒரு பகுதியை ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிந்தினிக்கு அனுப்பிவைத்தார்.