சூரியனிலிருந்து ஜாலான் புசாருக்கு

ஒளிக்கதிருக்குப் பிறந்த ஊர் சூரியனின் மையம். அங்கே வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல்தான் ஒளியாகப் பிறக்கிறது.

பிறந்ததும் பறந்து வந்துவிட முடியுமா? முடியாது. தீபாவளிக்கு முந்தைய இரவில் கேம்பல் லேன் கூட்டத்துக்குள் சிக்கியிருக்கிறீர்களா? ஓர் அடி முன்னே, இரண்டு அடி பக்கவாட்டில், மறுபடி பின்னே என்று நகர்வோம் அல்லவா? சூரியனுக்குள் ஒளியின் நிலையும் அதுதான். ஒரு விரற்கடை போவதற்குள் எதன்மீதாவது மோதித் திசை மாறிவிடும். மோதும் இடத்தில் ஓர் ஒளித்துகள் மறையும், புதிதாக வேறொன்று கிளம்பும். இப்படிக் கைமாறிக் கைமாறி ஆற்றல் சூரியனின் மேற்பரப்புக்கு வந்து சேரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே காமா கதிராகத் தொடங்கியது, வெளியே வரும்போது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகியிருக்கும். இன்று ஜாலான் புசாரில் விழும் வெயிலின் ஆற்றல் பிறந்தபோது இந்தச் சாலை இல்லை, சிங்கப்பூர் என்ற பெயரும் இல்லை.

மேற்பரப்பைத் தாண்டியபின் தடையே கிடையாது. வினாடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர். இந்த வேகத்தில் ஒரே வினாடியில் பூமியை ஏழரை முறை சுற்றிவிடலாம். நமக்கும் சூரியனுக்கும் நடுவே சுமார் 15 கோடி கிலோமீட்டர் இருக்கிறது. அதைக் கடக்க எட்டு நிமிடம் இருபது வினாடி போதும்.

இந்த வழிநெடுக ஒளி நிறைந்திருந்தும் விண்வெளி கறுப்பாகவே இருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். கதிர் உங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே போனாலும் அது போவது உங்களுக்குத் தெரியாது. அது எதிலாவது பட்டு, அங்கிருந்து திரும்பி, உங்கள் கண்ணுக்குள் நுழைந்தால்தான் தெரியும்.

பட்டுத் திரும்புவது காற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கடைசி நூறு கிலோமீட்டர் காற்று மண்டலத்தைக் கடக்க ஒரு வினாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதற்குள் காற்றின் மூலக்கூறுகள் கதிரிலிருந்து நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடித்துவிடுகின்றன. வானம் முழுக்கப் பரவிய அந்த நீலம்தான் தலைக்கு மேல் தெரிகிறது.

கடலின் நீலம் எங்கிருந்து வருகிறது? வானம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் காரணம் என்று ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே சொன்னார்கள். திருச்சிராப்பள்ளியில் 1888ல் பிறந்த இயற்பியலாளர் சி.வி. ராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. 1921ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கையிலிருந்த ஒரு சிறு பட்டகத்தால் தண்ணீர்மேல் தெரிந்த வானத்தின் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரும் தானே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டுகொண்டார். அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துப் போனதில்தான் 1928ல் ராமன் விளைவு என்ற ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பு கிடைத்தது, 1930ல் நோபல் பரிசும் வந்தது.

இப்போது கதிர் தரைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மார்ச் 23 வாக்கில் ஒரு முறை, அதுவும் பகல் 1.10 மணி அளவில். உச்சி வெயில் 12 மணிக்கு அல்லவா வரவேண்டும்? நம் ஊர் இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் கிரீனிச் நேரத்தைவிட ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். 1982 முதல் நம் கடிகாரங்கள் எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. வித்தியாசம் அங்கேதான்.

அந்த நேரத்தில் ஜாலான் புசார் சாலையோரத்தில் நின்றால் உங்கள் நிழல் காலடியைவிட்டு நகராது. ஒளி நேர்கோட்டில் போவதால்தான் நிழலே விழுகிறது. அது வளைந்து போகக்கூடியதாக இருந்தால் உங்களைச் சுற்றிக்கொண்டு தரையைத் தொட்டிருக்கும்.

இப்போது கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்குள் வாருங்கள். மேலே கூரை இருப்பதால் வெயில் நேராக உள்ளே வராது. ஆனாலும் அங்கே இருட்டில்லை, கடைப்பலகையைப் படிக்க முடிகிறது. சாலையிலும் எதிர்ச் சுவரிலும் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் தெறித்து உள்ளே வருகிறது, வானத்தின் சிதறிய ஒளியும் சேர்ந்துகொள்கிறது.

இந்த வட்டாரத்துப் பெட்டெய்ன் ரோட்டில் 18 பழைய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ராமன் நோபல் பரிசு பெற்ற அதே 1930ல் கட்டப்பட்டவை. சுவர்களிலும் தூண்களிலும் பூ வேலைப்பாடு கொண்ட பீங்கான் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். நம் கதிர் சாலையில் பட்டுத் தெறித்து ஓட்டில் வரைந்த ஒரு பச்சை இலையின்மீது விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் வழவழப்பான மேற்பூச்சு கொஞ்சம் ஒளியைக் கண்ணாடிபோல அப்படியே திருப்பி அனுப்பும். அதுதான் பளபளப்பு. மிச்சம் உள்ளே போய் வண்ணத்தைத் தொடும். வண்ணம் மற்ற நிறங்களைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டுப் பச்சையை மட்டும் வெளியே விடும். அந்தப் பச்சை உங்கள் கருவிழியில் வளைந்து, கண்ணின் பின்புறத் திரையில் தலைகீழாக விழுந்து, அங்கேயே முடிந்துபோகும். அதை நிமிர்த்திப் புரிந்துகொள்வது மூளையின் வேலை.

சூரியன் மறுபடி நேர் உச்சிக்கு வருவது செப்டம்பர் 19, 20 தேதிகளில், பகல் 12.58 மணி வாக்கில். உயரமான தண்ணீர் பாட்டில் ஒன்றை வெட்டவெளியில், சமதரையில் நிமிர்த்தி வையுங்கள். 12.30 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்து வாருங்கள். சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பாருங்கள். முதலில் மேற்குப் பக்கம் இருக்கும் நிழல் குறுகிக்கொண்டே வந்து, பாட்டிலுக்கு அடியில் மறைந்து, பிறகு கிழக்கே நீளத் தொடங்கும். மேகம் மூடிவிட்டால் மறுநாள் பாருங்கள்.